விடுதலை ஆதரவு வாரமும் நின்றுபோன நிச்சயமும்

பேளுக்குறிச்சி,
செவ்வாய்க்கிழமை காலை

சேந்தமங்கலம் இரும்புக்கடை ஜனாப் ஷாகிர் அவர்கள் சமூகத்துக்கு, பேளுக்குறிச்சி மலைச்சரக்கு மண்டி அப்துல் கரீம் அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், மகள் நசீபாவும், தங்கள் மாமியார் ஹஜ்ஜுமா அவர்களும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறோம். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம்.

சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதும் உரிமை போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு வந்திருக்க வேண்டும். தாங்கள் பந்தல் போட்டு, உறவுகளைக் கூட்டி, பிரியாணிக்கு அடுப்பும் மூட்டிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் ஒருவரும் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். தங்கள் போனை ஹஜ்ஜுமா எடுத்தார்கள். அவர்கள் குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாயில் வந்தது, "லாரி ரிப்பேருங்க" என்பதுதான். "நிச்சயத்துக்கு லாரியிலயா வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். மறுநாளே, வியாழனுக்குள் ஒழுங்கான காரணம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் உண்மைக் காரணத்தை எழுதி, வீட்டுக்கு அனுப்பாமல் கடைக்கு அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டு என் மகனுக்குப் பெண் தருவதா வேண்டாமா என்று தாங்கள் முடிவு செய்யுங்கள்.

என் மகன் முபஷிர் கொல்லிமலையில் ஊராட்சி செயலராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்பது தங்களுக்குத் தெரியும். மே மாதக் கடைசியில் அவனுடைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. உலகத்தில் இன்னும் அந்நிய ஆட்சியில் இருக்கிற மக்களின் விடுதலைக்கு ஆதரவாக ஒரு வாரம் கடைப்பிடிக்க வேண்டும், ஐம்பது பேருக்குக் குறையாமல் கூட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும், கை நீட்டியபடி படம் பிடித்து வியாழன் மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. இப்படி வருஷத்துக்கு முப்பது நாற்பது வாரங்களும் தினங்களும் வருகின்றனவாம். அனுபவப்பட்டவர்கள் ஒரே படத்தை வைத்துக்கொண்டு பின்னாலுள்ள பேனரை மட்டும் மாற்றுவார்களாம். அப்படி ஒரு படத்தில் கை நீட்டி நின்ற பெரியவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னமும் புகையிலையை ஒழிக்கவும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் உறுதி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று முபஷிரே சொன்னான். என் மகன் வேலைக்குப் புதியவன். நிஜமாகவே கூட்டத்தைக் கூட்டிவிட்டான்.

அதையும் எங்கே கூட்டினான் என்று கேளுங்கள். ஆபீஸ் ஒற்றை அறை, வாசலில் வெயில். நிழலாக இருக்கிறதே என்று அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கோயில் கல்லுக்கு முன்னால் நிற்க வைத்தான். அந்த ஊரில் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று உனக்குத் துணை நிற்கிறேன் என்று கை நீட்டினால் அது வாய்வார்த்தையோடு போகாது. மூன்று நாளைக்குள் வீட்டுக்கு வீடு தங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். துன்பப்படுகிறவர் அதைத் தன் கையால் வாங்கி ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். அதுவரைக்கும் கை நீட்டியவர்கள் விதை போட மாட்டார்கள், நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். வார்த்தையை முதலில் சொன்னவருக்கு இது இன்னும் கண்டிப்பு. பக்கத்து வீட்டில் கூரை எரிந்துபோனது, ஒரு குடும்பத்தில் மாடு செத்து விழுந்துவிட்டது என்றால் இதில் ஒரு சிரமமும் இல்லை. இந்தத் தடவை துன்பப்படுகிறவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை. நம் பிள்ளை இது எதுவும் அறியாமல், "அவர்கள் விடுதலை பெறும் வரை தோளோடு தோள் நிற்போம்" என்று கணீரென்று வாசிக்க, அறுபத்து மூன்று வீட்டுக்காரர்களும் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். படம் மிக நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலை ஊர்க்கவுண்டர் ராசு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாராம். "ஏனுங்க கிளார்க்கய்யா, அது எந்த ஊருங்க? பண்டமெல்லாம் வந்துட்டிருக்குதுங்க, எங்க அனுப்போணும்?" என்று கேட்டிருக்கிறார். முபஷிர் மேலிடத்துக்குப் போன் போட்டான். "உறுதிமொழி எடுத்தாச்சா? படம் ஏத்தியாச்சா? அப்புறம் என்னப்பா?" என்றார்களாம். சனிக்கிழமைக்குள் பண்டம் வந்து சேர்ந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பலாப்பழம், சாமையும் ராகியுமாக ஒன்பது மூட்டை, மரவள்ளிக்கிழங்கு ஒரு குவியல், மிளகு இரண்டு பை, உயிரோடு ஒரு சேவல். ஆபீஸில் இடம் இல்லை. கிளார்க்கய்யா அப்பாவுக்குக் கீழே மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, வெளியூர்ச் சரக்கு அவருக்குத்தான் பழக்கம் என்று யாரோ எடுத்துக் கொடுக்க, அவ்வளவும் எழுபது வளைவு இறங்கி என் மண்டிக்கு வந்துவிட்டது. சேவல் அன்றிலிருந்து என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இறக்கிவிட்டால் திரும்ப ஏறிக்கொள்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் கிளம்பிவிட்டோம். வேன் வாசலில் நின்றது, சீர்த்தட்டுகளை ஏற்றியாகிவிட்டது, என் மனைவி ஜொஹ்ரா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள், முபஷிர் புதுச் சட்டையில் என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தான். அந்த நேரம் முதல் பஸ்ஸில் ராசுவும் பாவாயியும் வந்து இறங்கினார்கள். பாவாயி அந்த ஊரில் மிளகுக்கொடி வைத்திருப்பவர், யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர், ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எங்களைத் தடுக்க வந்தார்கள் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். நல்ல காரியத்துக்கு வாழ்த்திவிட்டுப் போகத்தான் வந்தார்கள்.

"உங்க மொறை வேற, எங்க மொறை வேறைங்க. கிளார்க்கய்யா நல்லபடியாப் போய்ட்டு வரட்டுங்க. நாங்கதான் வெதைக்காம உக்காந்திருக்கறமுங்க, அது எங்களோட போகட்டும்" என்றார் ராசு.

"மழை வாரதுக்குள்ள எப்படியும் கிளார்க்கய்யா அந்த ஊரைக் கண்டுபுடிச்சுருவாரு சாமி, கவலைப்படாதீங்க" என்று பாவாயி எனக்கே ஆறுதல் சொன்னார்.

முபஷிர் வேனிலிருந்து இறங்கினான், உள்ளே போனான், புதுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பழைய சட்டையில் வந்தான். "வாசிச்சது நான்தானே அத்தா. அவங்க விதைக்காம இருக்கும்போது நான் மட்டும் போய் மோதிரம் போட்டுக்கிட்டு வந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மலை ஏறுவேன்?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சர்க்கார் காகிதத்தை இப்படி நம்புகிற பிள்ளையை நான் எப்படிப் பெற்றேன் என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, சம்பந்தி. நிஜமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பிள்ளை எனக்குப் பிறந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினேன்.

நேற்று முழுதும் அலைந்தோம். முபஷிர் செல்போனில் தேடி, அந்நிய ஆட்சியில் இருக்கிற இடங்களுக்கு ஒரு பட்டியல் எடுத்தான். அநேகமாக எல்லாம் தீவுகள். தபாலாபீஸில் போய்ப் பலாப்பழம் அனுப்ப வேண்டும் என்றேன். எத்தனை கிலோ என்றார் அங்கிருந்தவர். சொன்னேன். எந்த நாடு என்றார். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். நல்ல மனிதர், கோபப்படாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கப்பலில் போனால் இரண்டு மாதமாம். பழமோ ஏற்கெனவே பழுத்துவிட்டது. மண்டிக்கு வெளியே மூன்று கடை தள்ளி வாசம் அடிக்கிறது, நாமக்கல் பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரையே சொல்லாமல் மூக்கைக் காட்டி இறக்கிவிடுகிறார்.

ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சந்தையில் தள்ளிவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டது, சாப்பிட்டார்கள், நன்றாக இருந்ததாம் என்று மலையில் சொல்லிவிடலாம் என ஒரு யோசனை எனக்கு வந்தது. ஜொஹ்ராவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பொய்ய சொல்லிப்புட்டு மவனுக்கு மோதிரம் போடப் போறீங்களாக்கும்?" என்றாள். அந்த யோசனை அத்தோடு போய்விட்டது.

நேற்று மாலை மலையில் நல்ல மழை. மண் ஈரம் காய்வதற்குள் சாமை போட்டாக வேண்டும். அறுபத்து மூன்று வீட்டிலும் விதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராசுவும் பாவாயியும் இன்று காலை மறுபடி இறங்கி வந்து என் மண்டியில் மூட்டைமேல் இருக்கிறார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. சேவலுக்கு ராகி போடுகிறார்கள்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே. எங்களுக்கு இன்னும் பதினைந்து நாள் தவணை வாங்கிக் கொடுங்கள். அதற்குள் எப்படியாவது ஒரு தீவைப் பிடித்துவிடுகிறோம். தங்கள் வீட்டில் தங்கள் சொல்லுக்கு இருக்கிற மதிப்பை நான் அறிவேன். ஹஜ்ஜுமா அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவர்கள் மனத்தைத் திருப்புவது தங்கள் பொறுப்பு. பலாப்பழம், சேவல் இவற்றைப் பற்றி அவர்களிடம் மூச்சுவிட வேண்டாம். லாரி ரிப்பேர் என்றே இருக்கட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் ஸலாமும், மகள் நசீபாவுக்கு எங்கள் துஆவும். அல்லாஹ் தங்கள் கையில் பரக்கத்தைத் தரட்டும், நம் பிள்ளைகளை ஒன்று சேர்த்து வைக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
சம்பந்தி ஆகக் காத்திருக்கும்
அப்துல் கரீம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பாவாயி, "யாருக்குங்க இத்தன நேரமா எழுதறீங்க?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். ஹஜ்ஜுமா பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, "அந்த ஊட்டுல யாரு சொல்லு நடக்குதுங்க?" என்றார். ஜொஹ்ரா எதிரில் நின்றதால் பொய் சொல்ல முடியவில்லை. தாங்கள் இருபத்தாறு வருஷமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதையும், கடை ஹஜ்ஜுமா பெயரில் இருப்பதையும், சட்டைத்துணி அவர்கள் எடுத்துத் தருவதையும் சொன்னேன். சம்பந்தம் பேசத் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று இன்னொரு டீ வேண்டுமா என்று ஜொஹ்ரா கேட்டபோது தாங்கள் மாமியார் முகத்தைப் பார்த்ததையும், அவர்கள் வேண்டாம் என்றதையும் ஜொஹ்ராவே சொல்லிவிட்டாள். ராசு எழுந்து நின்றார். அந்தச் சுற்றறிக்கையை மறுபடி வாசிக்கச் சொன்னார். "தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவு செய்ய இயலாமல் பிறர் ஆட்சியின் கீழ் வாழ்வோர்" என்று முபஷிர் வாசித்தான். "இதுல தீவுன்னு எங்கயும் போடலீங்களே" என்றார் ராசு. முபஷிர் இரண்டு தடவை பார்த்தான். போடவில்லை.

ஆகையால் மேலே எழுதிய பதினைந்து நாள் தவணை தேவையில்லை. இந்தக் கடிதத்தைக் கடைக்கு அனுப்பாமல் தங்கள் வீட்டு வாசலிலேயே கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பவர்தான் ராசு. சேவலைப் பிடித்திருப்பவர் பாவாயி. பின்னால் நிற்பது என் லாரி, அது ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்லை. முபஷிர் புதுச் சட்டையோடு முன்சீட்டில் இருக்கிறான். எல்லோரும் இறங்கி உறுதிமொழியைத் தங்கள் வாசலில் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வார்களாம். அந்தச் சத்தத்துக்கு ஹஜ்ஜுமா வெளியே வந்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வாங்கினால் செல்லாதாம், தாங்கள்தான் வாங்க வேண்டுமாம். ஒரு பழத்தை அறுத்துச் சரக்குக்கு மேலேயே வைத்திருக்கிறோம். யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு சுளையை எடுத்து வாயில் போடுங்கள், சம்பந்தி. அதை மென்று முடித்த பிறகு நிச்சயத்துக்கு எந்த நாள் என்பதையும் தாங்களே சொல்லிவிடுங்கள்.