மதர் ஆகாமல் தப்பிக்க

துணி துவைக்கும் சிஸ்டருக்கு மறுபடியும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இருபத்தொரு பேருடைய அங்கிகளும் தொட்டியில் ஊறிக் கிடந்தன.

"நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்," என்றார் விடுதி சிஸ்டர்.

அந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்துக்கு வரும் விருந்தினரைக் கவனிப்பதுதான் அவர் வேலை. ஆனால் ஆறு மாதமாக எல்லாம் அவர் தலையில்தான் விடிந்தது. சமையல் சிஸ்டர் தினமும் ரொட்டியைக் கருக்கினார். அதற்கும் இவரே போய் நிற்க வேண்டியிருந்தது. பாட்டு சிஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஏழு வேளை ஜெபம், ஏழு வேளையும் பாட்டை எடுத்துக்கொடுத்தது இவர்தான்.

கடைசி அங்கியைப் பிழியும்போது வாசல் சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"விஷயம் தெரியுமா? வயசாயிடுச்சுன்னு மதர் விலகுறாங்க. சனிக்கிழமை ஓட்டு. எல்லார் வாயிலயும் உங்க பேர்தான்."

விடுதி சிஸ்டர் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மதர்தான் மடத்துத் தலைவி; மதர் என்றால் ஒழுகுகிற கூரையும் முனகுகிற இருபது பேரும் அவர் பொறுப்பு. இவர் ஆசைப்பட்டதோ ஒரே ஒரு மத்தியானத் தூக்கம்.

பேரைக் கெடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலை ஜெபத்தில் தூங்குவதுபோல் தலையைத் தொங்கப்போட்டார். நடிக்கத்தான் நினைத்தார், நிஜமாகவே தூங்கிவிட்டார். எல்லாரும் எழுந்து போன பிறகும் அசையவில்லை.

"அரைமணி நேரம் ஆடாம அசையாம தியானம். நமக்கெல்லாம் வருமா?" என்று மடம் முழுக்கச் சொல்லிவைத்தார் சமையல் சிஸ்டர்.

சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசக்கூடாது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். தன் முறை வந்தபோது விடுதி சிஸ்டர் வேண்டுமென்றே நாலு பக்கம் தாண்டி வாசித்து, புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்ததும் துணி சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். "கால்மணி முன்னாடியே விட்டுட்டீங்க. எங்க இடுப்பு வலி தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல், மதரிடமே சண்டைக்குப் போனார்.

"இங்க ஒருத்தரும் ஒழுங்கா வேலை செய்யறதில்ல. நீங்களும் ஏன்னு கேக்கறதில்ல."

மதர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். "முகத்துக்கு நேரா சொல்ல ஒரு ஆளாவது இருக்கே. இனிமே நான் நிம்மதியா போவேன்."

சனிக்கிழமை சீட்டுகளைப் பிரித்தார்கள். இருபதில் விடுதி சிஸ்டர் பேர். மிச்சமிருந்த ஒன்று அவரே போட்டது. அதில் துணி சிஸ்டர் பேர்.

மறுக்க வாயெடுத்தார். அதற்குள் பாட்டு சிஸ்டர் எழுந்து, கணீரென்று நன்றிப் பாடலைத் தொடங்கிவிட்டார். துணி சிஸ்டர் கனமான மர நாற்காலியை ஒற்றை ஆளாகத் தூக்கிவந்து புது மதருக்குப் போட்டார்.

புது மதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசல் சிஸ்டர் குனிந்து அவர் காதில் சொன்னார்: "மதர் விலகப்போறது எங்களுக்கெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே தெரியும். பேரைக் கெடுத்துக்கறதுல நீங்கதான் ரொம்ப லேட்டு, மதர்."