நாலடி கூடுதலாகக் கட்டிய பந்தல்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அந்த மரியாதையைப் பொழியூரில் நான் முழுதாக அனுபவித்திருக்கிறேன்.

அங்கே கடல் ஏறி ஏறி, மீன் காயப்போடும் மணலையே தின்றுவிட்டது. மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவும் இன்னும் ஐந்து பெண்களும் மிஞ்சிய நெத்திலியைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். நான் வெயிலில் மீன் உலர்த்தும் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்திருந்தேன். (என் பொறியியல் படிப்பால் வீடு கண்ட ஒரே பலன்.) காலநிலை சார்ந்த தொழில் தொடங்கும் பெண்களுக்கு நிதி தரும் குழு ஒன்று அதைப் பார்க்க வருவதாகச் சொன்னது. அவர்களுக்குப் பிடித்தால் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி கிடைக்கும்.

திருவனந்தபுரத்திலிருந்து வரும் விருந்தாளிகளை வெயிலில் நிறுத்துவோமா? சர்ச்சின் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் பந்தல் போடுகிறவரை அழைத்து, முற்றம் முழுக்கத் தார்ப்பாய் கட்டச் சொன்னேன். பெட்டி மட்டும் வெளியே அநாதையாக நின்றது.

"இன்னும் நாலடி இழுத்துக் கெட்டுங்கண்ணே, அதாக்கும் இண்ணைக்கு மாப்பிள" என்று சொன்னது சாட்சாத் நானேதான்.

காலையில் நெத்திலியைப் பரப்பி மூடினோம். பதினோரு மணிக்கு வந்த குழுவுக்கு இளநீர் கொடுத்துவிட்டு, சூரியனின் மகிமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். மீன் வைத்த ஈரத்திலேயே இருந்தது. நாற்றம் மட்டும் புதிது.

"மேகமூட்டம், மேடம்" என்றேன்.

குழுத் தலைவி மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். கடைசியாக நான்.

"மேகம் இல்ல மக்கா, தார்ப்பாயாக்கும்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"காலம்பறயே சொல்லப்பிடாதாக்கா?"

"நீ இஞ்சினீயருக்குப் படிச்ச பிள்ள. அதுல என்னமோ கணக்கு உண்டுண்ணு நெனச்சேன்."

தலைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகிப்போனது அக்காவின் அன்றைய மீன் முழுவதும். தென்னையின் அடியில் குழி தோண்டி அதைப் புதைக்கும்போது உண்மையிலேயே அழுதேன்.

"அடுத்த மாசம் வராம். பந்தல் வேண்டா, மோளே" என்று மலையாளத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுத் தலைவி வண்டியேறினார். சொன்னபடியே வந்து, மூன்று மணி நேரம் குடை பிடித்து நின்று, மொறுமொறுவென்று காய்ந்த நெத்திலியைக் கடித்துப் பார்த்தார்.

ஆறு பெட்டிகளும் இப்போது பொழியூரில் வேலை செய்கின்றன. வீட்டில்தான் என் பாடு மோசம். எதையாவது விளக்க நான் வாயைத் திறந்தால் போதும். கணவர், மாமியார், எல்.கே.ஜி. படிக்கும் மகள் உட்பட எல்லாரும் பேசாமல் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்கிறார்கள்.