இருபத்திரண்டு வீடுகள் சமூகமான வரலாறு

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. ஐந்தாவது மாடித் தையல்காரம்மாவின் கணவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால், மனிதர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பொறுக்க மாட்டாமல் அந்த அம்மா இருபத்திரண்டு வீட்டுக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி மனுவை இரண்டு பக்கமும் புரட்டினார்.

"இது யார் குடுக்கிற மனு?"

"நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சார்."

"எல்லாரும்னா அது கும்பல். கும்பலுக்கு லிஃப்ட் சரிபண்ண விதியில இடமில்ல. சமூகத்துக்குத்தான் பண்ணலாம். நீங்க சமூகமா?"

"ஒரே கட்டடத்துலதான் சார் இருக்கோம்."

"புறாவுந்தான் இருக்கு" என்று அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார்.

மறுவாரம் அவரே ஆய்வுக்கு வந்தார். ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி கேள்வி கேட்டார். பண்பாடு இருக்கிறதா? மொட்டைமாடியில் துணி காயப்போடக் கிழமை பிரித்திருந்தோம். விழுமியம்? பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்போம். இரண்டுக்கும் டிக் போட்டார்.

"அரசியல்?"

"அதெல்லாம் இங்க கிடையாது சார். விட்டுக்குடுத்துப் போயிடுவோம்" என்றார் தையல்காரம்மா பெருமையாக.

அதிகாரி வருத்தப்பட்டார். "முரண்பாடு இல்லாட்டி அரசியல் இல்லம்மா. அரசியல் இல்லாட்டி சமூகம் இல்ல. பதினஞ்சு நாள் தர்றேன், ஏற்பாடு பண்ணுங்க."

கூட்டம் போட்டோம். தையல்காரம்மா ஆளும் தரப்பு. எதிர்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் தரைத்தளத்து பஸ் டிரைவர் மனமிரங்கினார். "அக்காவுக்காக நான் எதிர்க்கிறேன். கீழ இருக்கிறவனுக்கு எதுக்கு லிஃப்ட்டுனு கேக்கிறேன். சும்மா பேச்சுக்குத்தான்."

கேட்டார். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் நாள் முதல் மாடிக்காரர்கள், "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்றார்கள். நான்காம் நாள் "மேல இருக்கிற திமிரு" என்ற சொல் படிக்கட்டில் கேட்டது. பத்தாம் நாள் டிரைவரின் மனைவி, தைக்கக் கொடுத்த துணியை வெட்டும் முன்பே திரும்ப வாங்கிப் போனார். யாரோ மொட்டைமாடிக் கொடியை அறுத்துவிட்டார்கள்.

அதிகாரி வந்தபோது படிக்கட்டில் வாய்ச்சண்டை உச்சத்தில் இருந்தது. அதை முழுவதும் நின்று கேட்டார். "இவ்வளவு சீக்கிரம் முதிர்ந்த சமூகத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே லிஃப்ட் ஓடியது. தையல்காரம்மா கணவரைக் கைத்தாங்கலாக ஐந்தாவது மாடி லிஃப்ட் வாசலுக்கு அழைத்து வந்தார். நாங்கள் சூழ்ந்து நின்றோம். கதவு திறந்தது. உள்ளே பஸ் டிரைவர்.

"வாங்கண்ணே, பிடிச்சுக்கிறேன். அன்னைக்குப் பேசினதெல்லாம் பேச்சுக்குத்தானே."

பதினைந்து நாளும் கதவிடுக்கில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டிருந்தவர் தையல்காரம்மாவின் கணவர். டிரைவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குய்யா" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

நாங்கள் கைதட்டினோம். மூன்றாவது மாடி வரை இறங்கியவர் முழங்கால் மடங்காமல் உட்கார்ந்துவிட்டார். தூக்கிப் போக எங்கள் தரப்பில் நான்கு பேர் இருந்தோம். லிஃப்டில் ஏற்றலாம் என்று சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.