கஸில்தா உட்கார்ந்த பெட்டி

அறுபத்தோராவது பிறந்த நாளன்று அபெலார்தோ ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்தெட்டு வருஷம் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தாயிற்று. இனிமேல் பெட்டியை எடுத்து அடித்துவிடுவது!

பெட்டி என்றால் காஹோன். மேலே ஏறி உட்கார்ந்து, முன்பலகையைக் கையால் தட்டி வாசிப்பது. வாலிப வயதில், எல் கார்மென் ஊரில் பருத்தி எடுத்து முடிந்த சாயங்காலங்களில் ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வாசிப்பார். புழுதி பறக்கப் பெண்கள் ஆடுவார்கள். மறுநாள் விரல் வீங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாது. அந்தத் தினவு இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது. கல்யாணமான முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் லேசாகத் தட்டினார். "நிறுத்து" என்றாள் கஸில்தா. நிறுத்தியவர்தான்.

தச்சரிடம் ரகசியமாகச் செய்யச் சொல்லி, சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். வாசலிலேயே பிடிபட்டார்.

"என்ன அது?"

"முக்காலி."

"காலே இல்லாத முக்காலியா? பின்னாடி ஓட்டை வேற?"

"காத்து போக... உனக்குத்தான் முட்டி வலியாச்சே. உக்காந்து பயறு உரிக்கலாம்."

"எனக்கா?" கஸில்தாவின் முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒண்ணு வாங்கியிருக்கே!"

அதோடு பெட்டி கைவிட்டுப் போயிற்று. பயறு உரித்தாலும் அதன்மேல், ஊர்க்கதை பேசினாலும் அதன்மேல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள்.

ஒருநாள் அவர் ஓட்டும் லாரி பழுதாகி, நடுப்பகலிலேயே வீடு திரும்பினார். கொல்லையில் தாளம் கேட்டது. அடுத்த வீட்டு எர்மீனியா, துவைத்த துணியோடு ஆடிக்கொண்டிருந்தாள். பாவாடையைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, பெட்டிமேல் கஸில்தா! என்ன கை அது! பருத்திக் காட்டுச் சாயங்காலம் முழுக்க அவர் கண்முன் திரும்பி வந்து நின்றது. வெட்கமே இல்லாமல் அழுதார்.

"எங்கடி கத்துக்கிட்டே?"

"எங்கப்பா வீட்டுல. பொம்பளை பெட்டிமேல காலை அகட்டி உக்காரக் கூடாதுன்னாங்க உங்கம்மா. விட்டுட்டேன்."

"அப்ப, அன்னைக்கு என்னை ஏன் நிறுத்தச் சொன்னே?"

"உனக்குத் தாளம் தப்பிப் போச்சு."

"அப்ப முக்காலின்னு சொன்னதை..."

"கட்டின புருஷன் சொன்னா நம்ப வேண்டியதுதானே?" என்றாள் கஸில்தா. எர்மீனியா துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் திருவிழாக் கோஷ்டியிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.

"பெட்டி வாசிக்கிறவங்க இருக்காங்களா?"

அபெலார்தோ தலையை வாரிக்கொண்டு ஓடி வந்தார். "நான்தான்..."

"அக்கா இல்லையா?"

அக்கா காதில் தங்க வளையம் மின்ன வெளியே வந்தாள். பெட்டியை அபெலார்தோவின் தோளில் ஏற்றினாள். சதுக்கம்வரை மார்பு நிமிர்ந்தே நடந்தார். விளக்குகள், கிதார்கள், கூட்டம். பெட்டியை இறக்கி வைத்துப் பக்கத்தில் தனக்கும் ஒரு இடம் பார்த்தார்.

கஸில்தா காதோடு சொன்னாள்: "நீ வீட்டுக்கு ஓடு. அடுப்புல சோறு இருக்கு, அடிபிடிச்சிரும்."