ராகுகாலத்தில் டிஃப்ராக்

"அங்கிள், காட்கோபர் பார்ட்டி சாய் குடிச்சு முடிச்சு, கப்பையும் கழுவி வச்சுட்டாரு. இன்னும் பில் வரலியா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கௌசிக் கேட்டான். தாராவித் தோல்பைக் கடைக்கு அவன் முதலாளியாகி ஆறு மாதம்தான் ஆகிறது. அவன் அப்பா காலத்திலிருந்தே கடைக் கம்ப்யூட்டருக்கு அதிபதி செல்லத்துரை. இன்னொரு கை அந்த மவுஸைத் தொட அவர் விட்டதில்லை.

"டிஃப்ராக் பண்ணணும் தம்பி," என்றார் செல்லத்துரை, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் டாக்டரைப் போல.

"சோடோ அங்கிள், விடுங்க. புது மெஷினே வாங்கிரலாம்."

செல்லத்துரை பயந்தது அதற்குத்தான். புது மெஷின் வந்தால் அதைத் தட்டப் புது ஆளும் வருவான். ஐம்பத்தாறு வயதில் அவரால் மூட்டை தூக்க முடியாது, தோல் வெட்டவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்தப் பெட்டி ஒன்றுதான். அதுவும் முழுசாகத் தெரியாது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"கொஞ்ச நேரம் குடுங்க. குதிரை மாதிரி ஓடும் பாருங்க."

செருப்பைக் கழற்றினார். மானிட்டருக்கு ஊதுபத்தி காட்டினார். டிஃப்ராக்கை ஓடவிட்டார்.

"அப்படி என்னதான் அண்ணாச்சி பண்ணுவிய அதுல?" என்றாள் சரக்கு பார்க்கும் பிரபாவதி.

"ஹார்டு டிஸ்க்ல கணக்கெல்லாம் துண்டு துண்டா செதறிக் கெடக்கும். அதப் பொறுக்கி வரிசையா அடுக்கணும்."

"நம்ம குடோனும் அப்படித்தான கெடக்கு? அதையும் ஒருநாள் அடுக்குங்களேன்."

"பேசாத. மெஷினுக்குக் கவனம் கலைஞ்சிரும்."

இடம் போதவில்லை என்றது கம்ப்யூட்டர். பெயர் புரியாத ஃபைல்களையெல்லாம் செல்லத்துரை அழித்துத் தள்ளினார். பெயர் புரியாதவற்றில்தான் அதன் உயிர் இருந்தது போலும். பெட்டி ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. எப்படியோ எழுப்பி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி நாள்காட்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

"ஐயையோ, ராகுகாலம்!"

"காலையில நல்ல நேரத்துலதான தொடங்குனிய?"

"நடுவுல அணைஞ்சு, திரும்பத் தொடங்கிட்டேன்லா? அது ராகுகாலத்துல தொடங்குன கணக்குல்லா?"

"அப்ப நிறுத்துங்க."

"பாதியில நிறுத்துனா அபசகுனம்."

"அப்ப ஓடட்டும்."

"ஓடுனா வெளங்காது."

"அண்ணாச்சி, பெட்டி பரவால்ல. ஒங்களுக்குத்தான் எல்லாம் செதறிக் கெடக்கு."

மவுஸால் நிறுத்தினால் அதுவே ராகுகாலத்தில் தொடங்கிய புதுக் காரியமாகிவிடுமோ என்று செல்லத்துரைக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார்.

பன்னிரண்டு அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்கோபர் பார்ட்டி கையால் எழுதிய பில்லோடு போய்ச் சேர்ந்தார். பிறகு பிளக்கைச் செருகினால், கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: டிஸ்க்கே இல்லையாம்.

"ஹோ கயா அங்கிள்? முடிஞ்சுதா?" கௌசிக் உள்ளே வந்தான்.

"அது... ஆழமா அடுக்கிட்டு இருக்கு தம்பி."

கௌசிக் திரையைப் பார்த்தான். செல்லத்துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். ஆனால் அவன் கத்தவில்லை. தோளில் கை வைத்தான்.

"டென்ஷன் எடுக்காதீங்க அங்கிள். பழைய மெஷின், போகட்டும். எங்களுக்காக நீங்க எவ்ளோ பண்ணிருக்கீங்க! உக்காந்து சாய் குடிங்க."

சாயோடு பிஸ்கட்டும் வந்தது. இந்தக் கடையில் பிஸ்கட் பெரிய பார்ட்டிகளுக்கு மட்டும்தான். செல்லத்துரைக்குக் கண் கலங்கியது. பாதி பிஸ்கட் இறங்கியதும் பழைய கம்பீரம் திரும்பியது. கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா பிரபாவதி? மனுசன் அருமை தெரிஞ்ச பிள்ளை. புது மெஷினுக்கு நல்ல நேரம் நான்தான் குறிப்பேன். என்னத் தவிர ஒரு பய தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

பிரபாவதி பைகளை எண்ணத் தொடங்கினாள்.

பழைய சாமான் எடுக்கும் பைசான் கயிறும் கோணியுமாக வந்தான். வயர்களை உருவி, கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய் வெளியே நின்ற தள்ளுவண்டியில் வைத்தான். திரும்பி வந்து செல்லத்துரையின் எதிரில் நின்றான்.

"எடுத்தாச்சுல்ல? இன்னும் என்னடே?" என்று அதட்டினார் செல்லத்துரை.

"கொஞ்சம் எந்திரிங்க அண்ணாச்சி. இந்த மேசை நாற்காலியும் சேத்துத்தான் கௌசிக் சேட் நேத்தே எங்கிட்ட பேசி முடிச்சாரு."