ஆக்டின் பக்தர்

வாசகரே, ஆய்வுக்கூடங்களில் ஆக்டின் பக்தர் என்றோர் இனம் உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பாலைப் புகைக்குக் கீழே, தீவனப்புல் விதை விற்கும் கம்பெனி ஒன்றின் ஏசி அறையில், டாக்டர் வெங்கடேசன் என்ற பெயரில் நல்ல கொழுத்த ஆசாமி ஒருவர் கிடைப்பார்.

புல்லில் ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க, வெயிலடித்தாலும் உப்பேறினாலும் தன் வேலையைக் கூட்டாமல் குறைக்காமல் செய்கிற இன்னொரு மரபணுவோடு ஒப்பிட வேண்டும்; கடைக்காரர் தராசில் எடைக்கல் வைப்பதைப் போல. எந்தக் கல் தேயாது? அந்தந்தப் புல்லில், வேரிலும் இலையிலும் சோதித்தால்தான் தெரியும். பக்தருக்கு எதற்குச் சோதனை? ஆக்டின் என்ற மரபணுவை அவருடைய பேராசிரியர் எடைக்கல்லாக வைத்தார், பேராசிரியரின் பேராசிரியர் வைத்தார், இவரும் வைத்தார், டாக்டர் பட்டமும் கிடைத்தது, ஆகவே ஆக்டின் மாறாது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

உப்பு நிலத்துக்கென்று கம்பெனி புதுப்புல் ஒன்றைக் கொண்டுவந்தது. பொன்னேரிக்குக் கிழக்கே ஜோதிலட்சுமி என்பவர், நெல்லை விட்டுவிட்டு, உப்பேறிப்போன தன் நிலம் முழுக்க அதைப் போடுவதாக இருந்தார். அவருடைய கறவை மாடுகளுக்கு அதுதான் தீனி. உப்புத் தண்ணீர் பட்டதும் புல்லில் உப்பைத் தாங்கும் மரபணு மும்மடங்கு எகிறுகிறது என்று பக்தர் அறிக்கை எழுதிவிட்டார்.

உதவி விஞ்ஞானி ஏஞ்சலின் வந்து நின்றார்.

"சார், ஏறுறது நம்ம ஜீன் இல்ல. உப்புத் தண்ணி ஊத்துனா ஆக்டின்தான் இறங்குது. அதால மத்ததெல்லாம் ஏறுன மாதிரி தெரியுது. வேற பத்து ஜீன் எடுத்து, எது ஆடாம நிக்குதுன்னு பாத்துடலாம் சார்."

"நெல்லுல ஆக்டின் ஓகேவா இல்லியா?"

"அது நெல்லு சார்."

"நெல்லு மட்டும் இன்னா மரமா? அதுவும் புல்லுதாம்மா. போய் டீ சாப்டு."

இந்த வாதத்துக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஏஞ்சலின் டீ சாப்பிடப் போனார். விதை மூட்டைகள் பொன்னேரிக்குப் போயின.

மூன்று மாதம் கழித்து ஜோதிலட்சுமி போன் செய்தார். "சார், புல்லு பூரா வெளுத்து காஞ்சிகினு கீது. இந்த வருசம் நெல்லும் போடல. மாட்டுக்கு நான் இன்னாத்த போடுவேன்?"

"உங்க மண்ணுலதாம்மா ஏதோ கோளாறு," என்றார் பக்தர்.

மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பக்தர் மட்டும் அசரவில்லை. புல் தப்பாக இருக்கலாம், மண் தப்பாக இருக்கலாம், மாட்டின் மேல்கூடத் தப்பு இருக்கலாம், ஆக்டின் மேல் எப்படித் தப்பு வரும்? இப்போது வறட்சி தாங்கும் புல்லை அளந்துகொண்டிருக்கிறார். எதை வைத்து என்று கேட்காதீர்கள்.

நல்லவேளை, நாம் விஞ்ஞானி இல்லை என்று பெருமூச்சு விடுகிறீர்களா? சற்று முன் உங்கள் பெண்ணின் மார்க்கைப் பார்த்துவிட்டு, "எதிர் ஊட்டு ராபினைப் பாரு," என்று சொன்னது யார்? அந்த ராபினை எந்த உப்பில் போட்டுச் சோதித்தீர்கள்? உங்கள் பெண் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதைப் படித்தது போதும், போய் அவளைக் கூப்பிடுங்கள்.