நாற்பத்து நாலாம் நம்பரும் காணாமல் போன ஆடும்

"லைப்ரரியிலதான் சார் இருந்தேன். எட்டு மணியிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்."

"டேரியன், நீ எங்க இருந்தேன்னு நான் கேக்கலை. ஜட்ஜ் நம்புற மாதிரி எங்க இருந்தேன்னு கேக்கறேன்," என்றான் டுவைட் பெல்சர்.

டுவைட், பல்கலைக்கழக புட்பால் அணியின் உதவி மேலாளர். ஆட்டக்காரப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் வம்புகளிலிருந்து அவர்களை மீட்பதுதான் பதினான்கு வருடமாக அவன் பிழைப்பு. இந்த முறை வம்பு கொம்போடு வந்திருந்தது. சனிக்கிழமை மோதப்போகும் பிக்ஸ்பி கல்லூரியின் ராசி ஆடு டச்சஸ், வியாழன் ராத்திரி ஒன்பதரைக்குக் கொட்டகையிலிருந்து களவு போய்விட்டது. முதுகில் 44 போட்ட சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அதை இழுத்துக்கொண்டு ஓடியதை ஆட்டுக்காரர் ஆன்செல் பார்த்திருக்கிறார். 44 டேரியனின் நம்பர். விடிந்ததும் அவன்மேல் திருட்டு வழக்கு.

பிக்ஸ்பி ஆட்டம் நடக்கும் வாரத்தில் ஊரில் 44 சட்டை போடாதவர் யார்? டுவைட் போட்டிருந்தான். கைது செய்த சார்ஜென்ட்டே யூனிபாரத்துக்கு மேல் போட்டிருந்தார். ஆனாலும் வழக்கு வழக்குதான். வழக்கு இருக்கிறவன் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி. டேரியன் இறங்காவிட்டால் ஆட்டமும் போச்சு, அவன் உதவித்தொகையும் போச்சு.

பையன் குற்றமற்றவன் என்பது டுவைட்டுக்குத் துளி சந்தேகமில்லாமல் தெரியும். அதனால்தான் இந்த ஓட்டம்.

"கொஞ்சம் உக்காந்து பேசலாமே சார்."

"உக்கார்ற நேரமாடா இது? புட்பால் ஆடுற பையன் லைப்ரரியில இருந்தான்னா கோர்ட்டே சிரிக்கும்!"

முதலில், சுட்ட மாட்டுக்கறி விற்கும் கர்ட்டிஸின் ஸ்டேக் கடைக்குப் போனான்.

"அட, நம்ம டேரியனா! எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் இங்கதான் இருந்தான்னு எழுதித் தர்றேன். நாலு ஸ்டேக் தின்னான்னும் போட்டுக்கவா?"

"காசு யார் குடுத்ததுன்னு கேட்டா?"

"நம்ம பசங்ககிட்ட காசு வாங்குவேனா?"

"ஒண்ணும் எழுத வேண்டாம்!" என்று டுவைட் தலையில் அடித்துக்கொண்டான். ஆட்டக்காரன் ஓசியில் சாப்பிட்டால் அதற்கும் தடை உண்டு. திருட்டு வழக்கிலிருந்து தப்பி ஸ்டேக்கில் மாட்டுவதா?

அடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் மிஸ் நோரா.

"என்கூடதான் கட்டுரை எழுதிட்டிருந்தான்னு சொல்லிடறேன். உக்காருங்க, இப்பவே எழுதித் தர்றேன்."

"நிக்கிறேன் மேடம். எந்தக் கட்டுரைன்னு கேட்டா காட்டணுமே?"

"காட்டலாமே. போன வாரம் அவனுக்காக நான் எழுதினது ரெடியா இருக்கு."

"அம்மா தாயே! வாயைத் திறக்காதீங்க!"

மணி இரண்டு. மூன்றுக்கு விசாரணை. வேறு வழியில்லாமல் டுவைட் தானே கூண்டில் ஏறினான்.

"சாட்சி உக்காரலாம்," என்றார் நீதிபதி ஹாலோரன். கறுப்பு அங்கிக்குள்ளிருந்து சிவப்புக் காலர் எட்டிப் பார்த்தது.

"நிக்கிறேன் ஐயா. ஒரு மரியாதைதான். நேத்து எட்டுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் டேரியன் எங்க வீட்டுலதான் இருந்தான். நானும் அவனும் மட்டும் காய் நகர்த்தி செக்கர்ஸ் ஆடினோம். சத்தியமா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்டேக் தின்னான்னு கர்ட்டிஸ் எழுதிக் கொண்டுவந்து குடுத்திருக்காரு. கட்டுரை எழுதினான்னு மிஸ் நோரா குடுத்திருக்காங்க. இப்ப செக்கர்ஸ். ஒரே நேரத்துல மூணு இடத்துல இருக்கிற பையன், நாலாவதா ஆட்டுக் கொட்டகைக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரமாகும், மிஸ்டர் பெல்சர்?"

வேண்டாம் என்று சொல்லியும் அணி மேல் உள்ள பாசத்தில் இருவரும் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். இப்படியும் ஒரு ஊர்! டேரியன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் தடிமனான பதிவேட்டோடு வந்தார்.

"ஓபல் ட்ரிம்பிள். லைப்ரரியன். ரேடியோவில கேட்டுட்டு ஓடிவர்றேன். இந்தத் தம்பி நேத்து எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு உள்ள வந்துச்சு. பதினோரு மணிக்கு நான்தான் எழுப்பி வெளிய அனுப்பினேன். தினமும் வர்ற பிள்ளைதாங்க அது. அவங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தராவது வந்து என்னைக் கேக்கலை."

நீதிபதி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சுத்தியலைத் தட்டினார். "வழக்குத் தள்ளுபடி. தம்பி, நாளைக்குப் போய் நல்லா ஆடு."

டுவைட்டுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கூண்டை விட்டு இறங்கினான். சார்ஜென்ட் குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் டுவைட். பையன் உன் வீட்டுல இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப அந்த நேரத்துல நீ எங்க இருந்த?"

டுவைட் ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தான்.

"லைப்ரரியில."

"இவர நான் இன்னிக்குத்தான் மொத தடவையா பாக்கறேன்," என்றார் ஓபல்.

"சரி சரி, இப்படி உக்காரு. பொறுமையா பேசலாம்," என்றார் சார்ஜென்ட்.

"இல்ல... நான் நிக்கிறேன்."

கடைசி பெஞ்சில் இருந்த ஆட்டுக்காரர் ஆன்செல் மெல்ல எழுந்தார்.

"டச்சஸ் பின்னாலேர்ந்து முட்டினா ரெண்டு நாளைக்கு உக்கார முடியாதுங்க, எனக்கும் அப்படித்தான் ஆச்சு, அது போகட்டும் சார், ஆட்டுக்குத் தண்ணியாவது வச்சீங்களா?"